மருந்து அடிச்சாரு

போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்த தாளை ஜீனா அவர் கைக்கு அடியிலிருந்து உருவி வாசித்தாள். பிணவறைக்கு வெளியே பெஞ்சில் அம்மா ரத்னபாய் அசையாமல் இருந்தாள். உள்ளே அப்பா ராபின்சன்.

விஷம் குடித்து இறந்தார் என்று மலையாளத்தில் இருந்தது.

"சாரே, எங்க அப்பா குடிக்கல்ல."

"அம்மையல்லே பறஞ்சது? மருந்து அடிச்சுன்னு."

கண்ணூர்ப் பக்கமிருந்து இந்த எல்லையூருக்கு மாற்றலாகி வந்தவர். அடித்தார் என்றால் அவருக்குக் குடித்தார். ஜீனாவுக்குச் சிரிப்பு முட்டியது. அதே இடத்தில்தான் நெஞ்சும் எரிந்தது.

"பயறுக்கு அடிச்சாரு. டேங்கைத் தோளில மாட்டி, வாயில ஒரு துணிகூட கட்டாம. சாயங்காலம் வாந்தி, காலம்பற மூச்சு இல்ல. மாத்தி எழுதுங்க."

"எந்து மருந்தா? குப்பி எவிடெ?"

அம்மாவின் தம்பி ஜிஜின் அவள் கையைப் பிடித்துத் தூணுக்கு அப்பால் இழுத்துப்போனான்.

"மக்கா, மிண்டாத இரி. இங்க தடை செஞ்ச மருந்தாக்கும் அது. தமிழ்நாட்டுப் பக்கம் போய் வாங்கியாந்தது நான். எழுதினா நான் உள்ள. பயறையும் ஒருத்தனும் எடுக்கமாட்டான். நாளைக்குச் சந்தை."

தடை என்பது ஒரு செக்போஸ்ட் தூரம். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்.

"நேத்து அடிச்ச பயறு நாளைக்குச் சந்தைக்கா மாமா?"

"கழுவித்தானே திங்குவினும்."

"அப்பா குடிச்சுச் செத்தாருன்னு ஊரு பேசட்டும். அப்படித்தானே?"

"அத்தானுக்கு இனி என்ன உண்டு மக்கா."

ஜீனா அம்மாவைப் பார்த்தாள். எல்லாம் கேட்கும் தூரம்தான். அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பிணவறைக் கதவை.

"அவரு குடிக்கல்ல" என்றாள்.

ஜீனா திரும்பி வந்து தாளைப் போலீஸ்காரர் முன் வைத்தாள்.

"மருந்துன்னு எழுதாதீங்க சாரே. விஷம்னு எழுதினது இருக்கட்டும். குடிச்சாருங்கறத வெட்டுங்க. பயறுக்குத் தெளிச்சாருன்னு எழுதுங்க. குப்பி மாட்டுத் தொழுத்துல கிடக்கு. வாங்கிக் குடுத்தது எங்க மாமா, ஜிஜின். வீடு ஏழாம் வார்டு."

போலீஸ்காரர் ஒரு வரியை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"எட்டாம் வார்டாக்கும் சாரே" என்று தூணருகிலிருந்து ஜிஜின் திருத்தினான்.

அம்மா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.