அத்தை மகனுக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர்

சிப்காட்டில் நான் பார்க்கும் வேலை, மற்றவர்கள் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிப்பது. பைனல் இன்ஸ்பெக்ஷன். பிரேக் பாகங்கள் வரிசையாக என் மேசைக்கு வரும், அளவுக் கேஜ் வைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. "வின்சி கையில மாட்டுனா அவ்ளோதான்" என்று ஷிப்டில் எல்லாரும் திட்டுவார்கள். அந்தத் திட்டில் எனக்குப் பெருமைதான். குறை இருப்பது தெரிந்தும் நான் பச்சை ஒட்டியது ஒரே ஒரு முறை, அதுவும் கம்பெனியில் இல்லை. அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அரசர்களை வைத்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். இடைக்கால ஐரோப்பா. போர், வாரிசுச் சண்டை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எல்லாம் உண்டு. எங்கள் கம்பெனிக்கு மெஷின் நிறுவ ஹங்கேரியிலிருந்து வந்த இல்திகோ என்ற இன்ஜினியர், ஒரு நாள் கேன்டீனில் என் போனில் இருந்த, அந்த விளையாட்டின் ஹங்கேரி ராஜா படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இது எங்கள் ராஜாவே இல்லை, இந்தத் தொப்பியை எங்கே பிடித்தார்கள் என்றாள்.

பிறகுதான் கவனித்தேன். அந்த விளையாட்டில் ஜெர்மனிக்குக் கிழக்கே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கம்பளித் தொப்பி, ஒரே மாதிரி வீடு, ஒரே சட்டம். போலந்துக்காரன், செக் நாட்டுக்காரன், செர்பியன் எல்லாரும் வெறும் ஸ்லாவ் இனம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டவுன் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிற ஓசூரில் பிறந்தவள் நான். நம்மையெல்லாம் சேர்த்து மதராசி என்பவனைக் கண்டால் வரும் அதே கோபம் வந்தது.

அதனால் மாட் எழுதத் தொடங்கினேன். கடையில் விற்கிற விளையாட்டுக்குள் புகுந்து, அதன் படங்களையும் விதிகளையும் நாமே மாற்றி எழுதுவதற்குப் பெயர் மாட். இல்திகோ ஊர் திரும்பிய பிறகும் கட்டுரைகளாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஸ்லாவ்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். ஹங்கேரியில் ராஜா செத்தால் மகனுக்கா தம்பிக்கா என்று அவர்கள் வெட்டிக்கொண்டதை அப்படியே கொண்டுவந்தேன். திருமண விதிகளுக்குத்தான் அதிகம் உழைத்தேன். அந்தக் காலத்துச் சபைச் சட்டப்படி ஏழு தலைமுறை வரை ரத்த உறவில் கட்டக் கூடாது. அத்தை மகன், மாமன் மகள் என்ற பேச்சே கிடையாது.

என் பழைய லேப்டாப் இந்த விளையாட்டைத் தாங்காது. அப்பாவின் அக்கா அருள்செல்வி அத்தை வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. அது அவர் மகன் வெஸ்லினுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவன் பின்னால் கட்டிலில் படுத்து போனை நோண்டுவான், எப்போதாவது டீ கொண்டு வருவான். அவன் செய்த உதவி அந்த டீதான்.

முதல் பகுதி, அதாவது உடைகளும் ஊர்களும், இணையத்தில் வெளியானபோது அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வெஸ்லின். எனக்குத் தெரியாமலே போட்டிருந்தான். போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் பாராட்டு வந்து குவிந்தது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி, முழு மாட்டையும் நேரில் வந்து காட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டது. பிடித்திருந்தால் வேலை.

நேராக அத்தையிடம் போனேன்.

"அத்த, அது நான் பண்ணது. ஒரு வரிகூட அவன் எழுதல."

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பண்ணா என்ன, அவன் பண்ணா என்னடி? ஈஸ்டர் முடிஞ்சதும் ஒரே வூடுதான. கட்டிக்கப் போறவன் பேருக்கு வந்தா உனக்கு வந்த மாதிரிதான்."

"நான் எப்ப சம்மதிச்சேன்?"

"மொறப்பையன் இருக்கிறப்போ சம்மதம் என்ன கேக்கறது? பங்குச் சாமியார்கிட்ட பேசியாச்சு. சொந்தத்துல கட்டறதுக்கு ஆயர்கிட்ட எழுதி வெலக்கு வாங்கித் தரேன்னுட்டார். மொதல்ல அவன வாடா போடான்னு சொல்லாம மாமான்னு கூப்புடு."

அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிங்கராயர் அக்காவை எதிர்த்து இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. "குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா வழக்கு" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். என் உழைப்பையும் என்னையும் ஒரே பையில் போட்டுக் கட்டி அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஆயரின் அனுமதி வேறு.

அந்த நாட்களில் எனக்குத் துணை இலோனாதான். நான் எழுதிய மாட்டில் வருகிற ராணி, செர்பியாவிலிருந்து ஹங்கேரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவனைச் சிறுபிள்ளையாக இருக்கும்போதே சொந்தப் பெரியப்பனே குருடாக்கிவிட்டான். அவள் ஒப்பாரி வைக்கவில்லை. காத்திருந்தாள். ராணியானதும் அராத் என்ற ஊரில் பிரபுக்களின் சபையைக் கூட்டி, அந்தக் கொடுமைக்குத் தலையாட்டியவர்களை அங்கேயே வெட்டச் சொன்னாள். ஸ்டிக்கர் ஒட்டும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன்.

பெங்களூர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், வெஸ்லின் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தான். புதுச் சட்டை, புது ஷூ.

"வின்சி, நீதான் செக்கிங்ல கில்லாடி. என் மாட்ட ஒருவாட்டி பாத்து ஓகே பண்ணு."

என் மாட். கூசாமல் சொன்னான். வாங்கி வைத்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். எல்லாம் நான் எழுதியது எழுதியபடி இருந்தது. திருமண விதிக்கு வந்ததும் விரல் நின்றது. அத்தை, மாமன் பிள்ளைகளைத் தடுத்திருந்த இடத்தில், அவர்களையே முதல் பொருத்தமாகத் தேடச் சொல்லி மாற்றி எழுதியிருந்தது. என் மாட்டில் அவன் கை வைத்த ஒரே இடம் அது.

"இது யார் மாத்துனது?"

"நான்தான்." இளித்தான். "நீ பெரியப்பா சித்தப்பா புள்ளைங்கள தடுத்தது சரி, அதெல்லாம் அண்ணன் தங்கச்சி. ஆனா அத்த மாமன் புள்ளைங்களையும் சேத்துத் தடுத்து வெச்சிருந்தியே, அது தப்புதான? மொறப்பொண்ண வுட்டுட்டு எவனாச்சும் வெளிய தேடுவானா? நீ எம்மேல இருக்கற கோவத்துல போட்டுருப்பன்னு சரி பண்ணிட்டேன்."

அவனுக்கு அது திமிர்கூட இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் என்று உண்மையாகவே நம்பினான். ஓசூரைத் தாண்டி யோசிக்காத அந்த மண்டைக்கு, அந்தக் காலத்து ஹங்கேரி ராஜாவும் அத்தை வீட்டுக்குத்தான் பெண் கேட்டுப் போவான்.

அவனிடம் ஒன்று கேட்டேன். கடைசி வாய்ப்பாகத்தான் கேட்டேன்.

"நாளைக்கு அவங்க கேட்டா, இத யார் செஞ்சதுன்னு சொல்லுவ?"

"நான்தான்னு சொல்லுவேன். பின்ன என்ன, எம் பொண்டாட்டி ஸ்டிக்கர் ஒட்டறவன்னு சொல்லவா?" சிரித்தான்.

என் பெயரை ஒரு முறை சொல்லியிருந்தால் போதும், அந்த வரியைத் திருத்திக் கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். லேப்டாப்பை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

"ஓகே" என்றேன்.

அவன் பைக் திரும்பிப் போகும் சத்தம் கேட்டபோது மனசு குளிர்ந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பெங்களூரில் நடந்ததை அடுத்த ஞாயிறு அத்தை வீட்டில் தெரிந்துகொண்டேன். என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் வந்தார். வெஸ்லின் சோபாவில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தான். கேம் கம்பெனியில் ஆட்டத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரி அரச குடும்பத்தில் ஒருவன் விடாமல் அத்தை மகளையும் மாமன் மகளையும் தேடித் தேடிக் கட்டியிருக்கிறான். நெருங்கிய ரத்தத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு நோயும் பைத்தியமும் தரும். பேரன் காலத்தில் அரண்மனை முழுக்கச் சீக்காளிகள். அப்புறம் வம்சமே இல்லை. ஹங்கேரியிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த சரித்திர ஆலோசகர் முதலில் சிரித்தாராம். பிறகு, சபைச் சட்டம் தெரியாமல் மற்றதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்டாராம். ஒவ்வொரு விதியாகக் கேட்கக் கேட்க இவன் விழித்திருக்கிறான். இது வேறு யாரோ செய்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இவ பாத்தாம்மா!" வெஸ்லின் கத்தினான். "இவளுக்குத் தெரியும். பாத்துட்டு ஓகேன்னா!"

அத்தை என் முன்னால் வந்து நின்றார். "தப்பு இருக்குன்னு தெரிஞ்சே ஓகே சொன்னியாடி?"

"என்ன தப்பு அத்த?"

"அதான் சொன்னானே..."

"அத்த மகன கட்டறதுதான தப்புன்னாங்க? அது நம்ம வூட்ல தப்பில்லியே. சம்மதம்கூட கேக்க வேணாம்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் நான் எப்படி அத ரிஜெக்ட் பண்றது?"

அத்தை வெஸ்லினைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பில்லன்னா நான் ஓகே சொன்னது சரி. தப்புதான்னா, ஈஸ்டர் கல்யாணமும் தப்பு. எதுன்னு நீங்களே சொல்லுங்க. அப்பா, நீங்களும்தான்."

அராத் சபை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. வெஸ்லின் தரையைப் பார்த்தான். அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். "அக்கா, சாமியார்கிட்ட வெலக்கு வேணாம்னு நானே சொல்லிடறேன்" என்றார். வாழ்நாளில் அவர் அக்காவிடம் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அதுதான். அத்தை இன்றுவரை எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டாம்.

தவணையில் ஒரு லேப்டாப் வாங்கினேன். பென்டிரைவில் நான் எடுத்து வைத்திருந்த முழு மாட்டையும் என் பெயரில் வெளியிட்டேன். வெஸ்லினுடையதைத் திருடியிருக்கிறாள் என்று முதலில் சிலர் எழுதினார்கள். இல்திகோ, தான் அனுப்பிய கட்டுரைகளையும் நான் கேட்ட கேள்விகளையும் தேதியோடு போட்டாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

புதிதாக வெளியிடும்போது, முந்தையதில் என்னென்ன திருத்தினோம் என்று மேலே எழுத வேண்டும். அதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, ஓசூரில் படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதினேன். முதல் வரி, பெங்களூருக்குப் போன பிரதிக்கானது: "அத்தை மகனைத்தான் கட்ட வேண்டும் என்றிருந்த பிழை நீக்கப்பட்டது. சோதித்து ஓகே செய்தவர்: வின்சி."