ரப்பருக்குக் குறுக்கே ஒரு கம்பி

"இந்தத் தடவையும் விசிறி போச்சுன்னா படகையே பழைய இரும்புக்குப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க பாய்."

உடுமலைப்பேட்டையைத் தாண்டி, அணையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற படகை ஓட்டுகிறவர் காளிச்சாமி. கரையோரத் தகரக் கொட்டகைதான் வீடு. படகு போனால் அதுவும் போகும்.

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் அப்துல் முத்தலிப் கரையேற்றியிருந்த படகுக்கு அடியில், தண்ணீரைத் தள்ளுகிற பித்தளை விசிறியைத் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது.

"அணைக்குள்ள கெடக்கற மொதல கடிச்சிருக்குமோ?"

"நானிருக்கறப்ப அது பித்தளையவா கடிக்குமுங்க?"

"உங்களக் கடிச்சா அதுக்குப் பல்லுப் போயிரும்."

காளிச்சாமி சிரித்தார். சிரித்து நாளாகியிருந்ததால் இருமல் வந்தது. இஞ்சினைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். கிணற்று மோட்டாரைத் தொடுகிறவர்கள் பழக்கம் அது. கரண்டு இருந்தாலும் கை உதறிக்கொண்டு வந்துவிடும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும்.

"இஞ்சினுக்கும் விசிறித்தண்டுக்கும் நடுவுல ரப்பர் கப்ளிங் எதுக்குங்க? இஞ்சின்ல கசியற கரண்டு தண்டுக்குத் தாண்டக் கூடாது. தாண்டுனா விசிறியத் தின்னுட்டுத்தான் தண்ணிக்குள்ள போகும்."

சொல்லிக்கொண்டே முத்தலிப் மீட்டரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைத் தண்டிலும் வைத்தார். முள் எகிறியது.

"இது அசையவே கூடாதுங்க. ரெண்டு தடவ புதுக் கப்ளிங் பஸ்ஸுல அனுப்புனனே, ஆரு மாட்டுனது?"

"நாந்தானுங்க."

கரண்டு அது வழியாகத் தாண்டுகிறதோ என்று முத்தலிப் கியர் கேபிளைக் கழற்றிப் பார்த்தார். முள் இறங்கவில்லை. கப்ளிங் மேல் அப்பியிருந்த கிரீசைத் துடைத்தார். ரப்பருக்குக் குறுக்கே, இரண்டு பக்கத்துத் தட்டையும் இணைத்து, ஒரு செம்புக் கம்பி போல்ட்டுகளில் முறுக்கியிருந்தது.

"இதென்னுங்க?"

"எர்த்துங்க."

"படகுக்கு எர்த்தா! கெணத்து மோட்டாருன்னு நெனச்சுப்போட்டீங்களா?"

இந்தமுறை காளிச்சாமி சிரிக்கவில்லை.

"எங்க தோட்டத்து மோட்டாருக்கு எர்த்துப் போடாம உட்டுட்டனுங்க. நாளைக்குப் போட்டுக்கலாம்னு. சம்சாரம் தண்ணி பாய்ச்சப் போனா. எட்டு வருசமாச்சு."

முத்தலிப் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இதுல கொழந்தைங்க ஏறுதுங்க பாய். சும்மா உட முடியுமுங்களா?"

"அண்ணா, இது பன்னண்டு வோல்ட்டு பேட்டரி. ஆளக் கொல்லாதுங்க. படகத்தான் கொல்லும்." ஸ்பானரை நீட்டினார். "நான் கழட்டுனா, நான் பஸ் ஏறுனதும் மறுபடி கட்டிப்போடுவீங்க. நீங்களே கழட்டுங்க."

வெகுநேரம் ஸ்பானர் காளிச்சாமி கையிலேயே இருந்தது. பிறகு ஒரு போல்ட். அப்புறம் மற்றது. மீட்டரில் முள் அசையாமல் கிடந்தது.

புது விசிறியை மாட்டிவிட்டு முத்தலிப் பையை எடுத்தார். "இனி நான் வர வேண்டியிருக்காதுங்க."

"சும்மாவாச்சும் வாங்க. டீ போட்டுத் தாரேன்."

"வாரேனுங்க."

பஸ் போன சத்தம் அடங்கியதும் காளிச்சாமி ஒற்றை ஆளாகப் படகைத் தண்ணீரில் இறக்கினார். நடு அணையில் நிறுத்தி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தொட்டார்.

அப்புறம் கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக அதிர்ந்தது. எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.