பதினேழாம் எண் கோட்டு

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டு இரண்டு மாதமாகியும் அவளுக்குக் கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் வரவில்லை. படிவத்தில் ஐந்து கையெழுத்து வேண்டும் என்றது கணக்குப் பிரிவு. நான்கு வாங்கிவிட்டாள். ஐந்தாவது ஸ்டோர்க்காரருடையது. அவளுக்குக் கொடுத்த பதினேழாம் எண் வெள்ளைக் கோட்டு மேஜைக்கு வந்தால்தான் அவர் பேனா மூடியைக் கழற்றுவார். விலையைக் கட்டிவிடுகிறேன் என்று போனில் கெஞ்சிப் பார்த்தாள். தன் நோட்டில் கோட்டுக்குத்தான் கட்டம் இருக்கிறது, பணத்துக்கு இல்லை என்றார்.

அந்தப் பணத்தை நம்பித்தான் அப்பாவுக்குக் காது மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தாள். மாதம் முடிந்தால் கடைக்காரர் தள்ளுபடியை எடுத்துவிடுவார்.

கோட்டு வீட்டில்தான் இருந்தது, ஆனால் கோட்டாக இல்லை. அப்பா தையல்காரர். அதைத் திருப்பித் தரவேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். கத்துவது அவளுக்கு வராது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதில் கத்தரி முந்திக்கொண்டது. புது வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோக, உள்ளே துணி வைத்து அழகாக ஒரு பை தைத்துவிட்டார். இப்போது சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, டிபன் டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பையோடு ஸ்டோருக்குப் போனாள்.

"இதுவா கோட்டு?" என்றார் ஸ்டோர்க்காரர்.

தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் பையை உள்ளும் புறமும் திருப்பினார். ஸ்பூன் வைக்க அப்பா விட்டுவைத்திருந்த கோட்டுப் பாக்கெட்டில், சிவப்பு நூலில் பதினேழு அப்படியே இருந்தது. நோட்டைத் திறந்து, 'கிழிந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுத ஆரம்பித்தார்.

நான்கு வருஷத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருவரையும் மறுத்துப் பேசாதவள் அவள்.

"கிழியல சார். தச்சது. ஒரு நூல்கூடப் பிரிஞ்சிருக்காது."

பேனா நின்றது. வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தாள்.

"இந்த வாய் இத்தனை நாளா எங்கம்மா இருந்துச்சு? நல்ல நிலைன்னு எழுதினா உள்ள வெச்சுப் பூட்டணும். கிழிஞ்சதுன்னா கழிச்சு எழுதி உன் கைலயே குடுத்துடலாம். பை வேணுமா, பேரு வேணுமா?"

"பை சார்."

கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் பணம் வந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. காது மெஷினைப் பொருத்திக்கொண்ட அப்பா, வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினை ஒரு சுற்று மிதித்துப் பார்த்தார்.

"இவ்வளவு சத்தமா போடுது? எண்ணெய் விடணும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டுக் கதை முழுவதையும் தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள். கோட்டு வெட்டுப்பட்டதைப் பற்றிச் சொல்லும்போது அவர் கை பையைத் தடவிக்கொண்டிருந்தது. முகம் வாடப்போகிறது என்று காத்திருந்தாள். நோட்டில் எழுதியதைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"கிழிஞ்சதுன்னா எழுதினான்? அந்த ஆளு சட்டைக் காலர் எப்படி இருந்துச்சு?"

"நைஞ்சு போயிருந்துச்சுப்பா."

"வரச் சொல்லு. தச்சதுன்னா என்னன்னு காட்டறேன்."

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் சரிப்பா என்றாள்.

"சரின்னா போதாது, நாளைக்கே சொல்லு" என்றார் அப்பா.