நாலாம் நம்பர் துளை

"இங்கதான் இருக்கணும்" என்று நான் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, என் மகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிக்கட்டும். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு போய்விடப் போகிறேன். விமானத்தில் போகிற தூரம். இந்தப் புல்வெளிப் பக்கம் இனி நான் எங்கே வரப்போகிறேன்? என் மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட்டுப் போக வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

"ஆபீஸ்ல கேட்டா துளை எந்த இடம்னு அளவு இருக்குமேப்பா?"

"கேக்காமலா இருப்பேன்? பழைய ஃபைல் எங்க போச்சுன்னு அவங்களுக்கே தெரியல."

பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கும் கம்பெனியில் அப்போது நான் ரிக் ஆபரேட்டர், துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். வந்தோமா, போட்டோமா, போனோமா என்பதுதான் எங்கள் தொழில். புல்டோசரால் ஒரு சுரண்டு, சேற்றுத் தண்ணீருக்கு ஒரு குழி, வேலை முடிந்தால் அடுத்த ஊர். இந்தப் பொது நிலத்துக்கும் அந்த நினைப்பில்தான் வந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் ரிக் லாரிக்கு முன்னால் வந்து நின்று கையைக் காட்டினாள். நிலத்துறை அதிகாரியாம்.

"வண்டி இதுக்கு மேல வராது."

"அப்புறம் துளைய இங்கிருந்தே தூக்கி எறியறதா மேடம்?"

"பலகை போட்டு அது மேல கொண்டு வாங்க. சக்கரம் புல்லுல படக்கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பின்னால் இருக்கிற பலகையை எடுத்து முன்னால் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டு, கல்யாண ஊர்வலம் கூட அதைவிட வேகமாகப் போகும். சேற்றுக்குக் குழி தோண்டக் கூடாது, இரும்புத் தொட்டிதான். எஞ்சினுக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும், டீசல் ஒரு சொட்டு மண்ணில் விழக்கூடாது. துளை போடுகிற இடத்தில் புல்லை வேரோடு சதுரம் சதுரமாக வெட்டியெடுத்து, வரிசை மாறாமல் நிழலில் அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

"வீட்டுச் செடிக்கே நான் தண்ணி ஊத்தினது கிடையாது" என்றேன்.

"அது உங்க வீட்டுச் செடி. இது ஊருக்கே சொந்தமானது" என்றாள்.

ரிக்கில் என்னோடு வேலை செய்த பையன்கள் அவளுக்குப் புல்லம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்!

நாலாம் நம்பர் துளைக்கு முளை அடித்திருந்த இடத்தில் ஒரு குருவி தரையில் கூடு கட்டியிருந்தது. எங்கள் நிலவியல் நிபுணரை நாங்கள் கல்லு சார் என்போம். அவர் தாம்தூம் என்று குதித்தார். அவள் அசையவே இல்லை. "குஞ்சு பறக்கட்டும் சார், அப்புறம் வாங்க" என்றாள். ஐந்தாம் நம்பரை முடித்துவிட்டு வந்து நாலாம் நம்பரைப் போட்டோம். முடிந்ததும் அடியிலிருந்து மேல்வரை சிமெண்டால் அடைத்தோம். துளையிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயை மண்ணுக்குக் கீழே வைத்து அறுத்து, மண்ணைப் போட்டு, எடுத்த புல்லை எடுத்த வரிசையிலேயே பதித்து மிதித்தோம்.

மழை முடிந்த பிறகு கல்லு சாருக்கு ஒரு சந்தேகம், நாலாம் நம்பரில் சிமெண்ட் இறங்கியிருக்குமோ என்று. அவர், நான், புல்லம்மா, மூன்று பேரும் போனோம். துளையைக் காணோம். கையில் இருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்குள் எங்கள் ரிக் நாலைந்து நிற்கும்.

"எங்கய்யா போட்டே?"

"நீங்கதானே சார் முளை அடிச்சீங்க!"

மூன்று பேரும் முட்டி போட்டுப் புல்லைத் தடவிக்கொண்டு தவழ்ந்தோம். திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வர, அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.

"உங்க துளைய உங்களாலயே கண்டுபிடிக்க முடியல! தோத்துட்டீங்களா?"

"நாங்க எங்க தோத்தோம்? நீங்க ஜெயிச்சிட்டீங்க மேடம்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், நான் காலி.

மறுநாள் சர்வேயர் கருவியோடு வந்து இடத்தைக் காட்டினார். சிமெண்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. கரிதான் போதுமான அளவு இல்லை. கம்பெனி மூட்டை கட்டியது, நான் கட்டவில்லை. அதன் பிறகு வீட்டில் கண்ணாடியோ சாவியோ காணாமல் போனால், "என்ன, நாலாம் நம்பர் ஆயிடுச்சா?" என்பாள். என்ன அருமையான காலம் அது.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே புல். காற்றடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சாய்கிறது. கால் கடுத்தது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று கேட்டால், அவள் மேல்தான்.

"இவ்வளவு சுத்தமா யாருடி செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். "எனக்குன்னு ஒரு தழும்பாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

அழுதுவிட்டேன். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. அதை மகளிடம் அதுவரை சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்திலிருந்து நிலத்துறைக் காவலர் ஒருவர் வேகமாக நடந்து வந்தார்.

"ஐயா, தயவுசெஞ்சு பாதைக்கு வந்துடுங்க. புல்லுல நடக்கக் கூடாது."

"ஏம்ப்பா?"

"இது மனுஷன் கை வைக்காத நிலம்யா. எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சிக்காரங்க வந்து, மண்ணு, வேரு எல்லாத்தையும் பார்த்து எழுதிக் குடுத்திருக்காங்க. இங்க ஒரு இயந்திரம்கூட இறங்கினதில்லயாம். அதனாலதான் இதுக்குத் தனிப் பாதுகாப்பு."

"என்னங்க சொல்றீங்க? எங்கப்பாதான் இங்க..." என்று மகள் ஆரம்பித்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

எனக்கு மட்டும் சொல்ல ஆசை இல்லையா? ரிக், லாரி, கூச்சல், கல்லு சார், எல்லாம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும், புல்லம்மா என்று ஒருத்தி இங்கே இருந்தாள் என்பது இன்னும் ஒருவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் காப்பாற்றிய புல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விடும்.

"ஆமாங்க" என்றேன். "இங்க யாரும் வந்ததே இல்ல."

"பார்த்தாலே தெரியுது இல்லீங்களா?"

"நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பாதைக்கு வந்தேன்.