நோரீனின் அம்மா தூங்கும் அறை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒட்டுக்கேட்டேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், பாட்டு எழுதுகிறவர்களே வந்து பாடும் ஒரு சின்னக் காபிக்கடையில் பத்தொன்பது வருடமாக மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். மைக்குக்குப் பக்கத்தில் குசுகுசுத்தால் என் காதில் விழத்தான் செய்யும்.

'ராய்ஸ் ஹாலம் தன் மின்கிட்டாரை விற்ற அன்று நல்ல மழை' என்று ஆரம்பித்தேன். (மழையே இல்லை. மழை பெய்தால் கதைக்குக் கனம் வரும் என்று ஒரு நப்பாசை.) அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

ராய்ஸ் பதினெட்டு வருடம் ஒஹையோவில் ராக் குழுவில் கிட்டார் வாசித்தவன். பாட்டெழுதியதும் அவன்தான். அந்த இரைச்சலில் வார்த்தையை எவன் கேட்டான்? மனைவியோடு போட்ட சண்டை, வீட்டு ரகசியம், எல்லாவற்றையும் பாட்டில் போட்டுக் கத்துவான். கீழே நிற்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். குழு உடைந்து, மனைவி நோரீனும் பிரிந்த பிறகு, நாற்பத்தாறு வயதில் கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாணிப் பாடகனாகிறேன் என்று இங்கே வந்து இறங்கினான். பழைய பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இங்கே சங்கதியே வேறு. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, முறைவைத்து ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். யாராவது தும்மினால்கூடக் கடையே திரும்பி முறைக்கும். ஒரு சொல் தப்பாது.

அவனுடைய ஒரே நல்ல பாட்டு இதுதான்: பிறக்காமல் போன குழந்தைக்காக நோரீன் மஞ்சள் அடித்த அறை. இப்போது அதில் இஸ்திரி மேசை நிற்கிறது. அவ்வளவே. முதல் தடவை கேட்டபோது அழுதுவிட்டேன், வெட்கமென்ன.

(அந்தக் குழந்தையைப் பற்றி நோரீன் தன் அம்மாவிடம் மூச்சு விட்டதில்லை. அம்மா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். தூங்குவது அந்த அறையில்.)

3

ராய்ஸை நல்லவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கெட்டவனாகவும்

விடுங்கள். மாலை ஆறு மணி ஆட்டம். இரண்டு வருடம் கெஞ்சியதன் பேரில் பாட்டுகளை வாங்கிப் பெரிய பாடகர்களுக்கு விற்கும் ஒரு பதிப்பகத்துக்காரி, அந்தப் பாட்டைக் கேட்கவென்றே வந்திருந்தாள். பிடித்துவிட்டால் ராய்ஸ் பிழைத்தான். முன்மேசையில், சொல்லாமல் கொள்ளாமல், நோரீன். நல்லா வரட்டும் என்று வாழ்த்த ஒஹையோவிலிருந்து காரோட்டி வந்திருக்கிறாள். பக்கத்தில் அம்மா.

வட்டத்தில் ராய்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெல்பர்ட் பாடிக்கொண்டிருந்தான். அடுத்தது ராய்ஸ். பல்லவி முடிந்து கிட்டார் மட்டும் ஒலித்தபோது ராய்ஸ் அவன் பக்கம் சாய்ந்தான்.

"நிறுத்திராத. இன்னொரு சுத்து பாடு."

"ஏன், பாட்டு மறந்துபோச்சா?"

"அவ அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்காடா."

டெல்பர்ட் அதே பல்லவியை மூன்று தடவை பாடினான். நாலாவது தடவை பாட முடியாதல்லவா.

4

(அ) ராய்ஸ் அதைப் பாடினான். நோரீனின் அம்மா மெல்லத் திரும்பி மகளுடைய

(ஆ) வேறு எதையோ பாடினான். பதிப்பகத்துக்காரி கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

(இ) நிறத்தை மட்டும் மாற்றிப் பாடினான். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன்.)

5

மனசு கேட்கவில்லை. நோரீனுக்குத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை எழுதியதை அவள் மொழியில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"அவன் பாடினானா இல்லையான்னு எப்படி வேணா எழுதிக்கோங்க. ரூம் கலர ஏன் எழுதினீங்க?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சுங்க."

"அவனும் இதத்தான் சொன்னான்."

வைத்துவிட்டாள். பாவி நான், உடனே இரண்டாம் பகுதிக்குப் போய் அந்தச் சொல்லை அடித்தேன். அறை வெறும் அறையாக நின்றது. கதை செத்துப்போயிற்று. திரும்ப எழுதினேன். மறுபடி அடித்தேன்.

அந்த மாலை ராய்ஸ் என்ன செய்தான் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவனைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. சந்தேகமிருந்தால் இரண்டாம் பகுதியை இன்னொரு தடவை பாருங்கள். அந்தச் சொல் அங்கேயேதான் இருக்கிறது.