போளூர் பாட்டில்

“வலி எப்பம்மா வருது?”

“அதுக்கு நாளு கெழமை தெரியுமாக்கா? வந்தா வருது.”

“வந்தா எத்தனை நாள் இருக்கும்?”

“ரெண்டு நாளு. மூணாம் நாள் எந்திரிச்சிருவேன். இல்லைன்னா எந்திரிக்க வச்சிருவாக.”

லேப்காரம்மா லீலா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவள் போல நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அதுதான் சிக்கலே. நீங்க எந்திரிச்சு, கெளம்பி, போளூர்ல இருந்து இந்தக் கொடைக்கானலுக்கு வந்து சேர்றதுக்குள்ள டெஸ்ட்டுல தெரிய வேண்டியது கரைஞ்சு போயிடுது. ஒண்ணு, வலி இருக்கிற அன்னைக்கே சிறுநீரைப் புடிச்சுக் குடுத்து விடணும். இல்லைன்னா வலி வர்ற வரைக்கும் நீங்க இங்க வார்டுல வந்து தங்கணும். அதுதான் நல்லது. வீட்டுல கேக்குறீங்களா?”

“கேக்குறேன்க்கா.”

சின்னத்தாயி அன்று சொன்னது பொய்யில்லை. கேட்கத்தான் நினைத்தாள். அந்தப் பேச்சு நடந்தது வைகாசியில், இப்போது ஆவணி. இந்த மூன்று மாதத்தில் அந்த வாக்கியத்தைக் கொட்டத்தில் மாட்டிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஓடையில் சட்டி கழுவும்போது தண்ணீரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மாமியார் பிச்சையம்மாளின் முகத்தைக் கண்டதும் அது தொண்டையை விட்டு இறங்கி, ஏற்கெனவே வலிக்கிற இடத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது அதே லேப் வாசலில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கணவன் கந்தவேல், தொப்பலாக நனைந்த கம்பளியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு. மறுபக்கம் பிச்சையம்மாள், நிமிர்ந்த முதுகோடு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் சேனாதிபதி லீலாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“பத்துக் குழாய்! என் சர்வீஸ்ல நான் எட்டைத் தாண்டிப் பார்த்ததில்லை. அன்னைக்குப் பத்து, இன்னைக்கு ரெண்டு. என்ன லேப் இது? உன் ரிப்போர்ட்டை நம்பி மதுரைக்குப் போன் போட்டு சர்ஜனைத் தொந்தரவு பண்ணியாச்சு.”

“ரெண்டு தடவை போட்டேன் சார். என்னோட நீரையே எடுத்துப் பக்கத்துல ஒப்பிட்டுப் பாக்க கன்ட்ரோல் போட்டேன். அது சரியாத்தான் வந்துச்சு.”

“அப்ப உன் லேப் ஒழுங்கு. போளூர் பாட்டில்தான் பொய் சொல்லுது. அப்படித்தானே?”

பெஞ்சில் பிச்சையம்மாள் கால் மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“கேட்டுக்கிட்டயாடா?” என்றாள் மகனிடம். “இன்னைக்கு ஒண்ணுமில்லையாம். உயிருக்கு ஆபத்துன்னு ஓடியாந்தயே!”

கந்தவேல் கம்பளியைப் பிழிந்தான். அவனுக்குப் பதில் தெரியாத இடங்களில் எல்லாம் கைக்கு ஒரு சோலி கிடைத்துவிடும். வீட்டில் என்றால் குதிரையைப் பார்க்கப் போவான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். நாலு வருஷமாக இந்த வலி. மேல் வயிற்றில் ஒரு புள்ளியில் தொடங்கி, முதுகு வழியாக ஆணி இறங்குகிற மாதிரி துளைக்கும். முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்தால்தான் கொஞ்சம் மூச்சு வரும். கிடா வெட்டிக் கறிச்சோறு தின்ற மறுநாள் வரும். பூண்டு அறுப்பில் வரும். ஆள் வைத்துக் களையெடுக்கிற அன்றைக்கு வரும். “திங்கிற அன்னைக்கு வராது. மறுநாள் வேலைன்னா வந்திரும். வெவரமான வலி!” என்று பிச்சையம்மாள் ஓடைக்கரையில் சொன்னதைக் கேட்டு ஊர்ப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்னத்தாயியும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது.

வைகாசியில் முதல் தடவை கந்தவேல் அவளைக் கூட்டி வந்தபோது வலி நின்று நாலு நாளாகியிருந்தது. “இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, கணையத்தில் கோளாறு இருக்கலாம், வலி இருக்கும்போது பார்க்க வேண்டும்” என்றார் டாக்டர். அவர் சொன்னது இவ்வளவும். பூம்பாறை தாண்டுவதற்குள் அதில் பாதி உதிர்ந்துவிட்டது. போளூர் போய்ச் சேர்ந்தது ஒரே வார்த்தைதான்: ஒண்ணுமில்லையாம்.

அந்த ஒரு வார்த்தையோடு அவள் மூன்று மாதம் குடித்தனம் பண்ணினாள்.

அன்றைக்கு லீலாதான் பொறுமையாக விளக்கிச் சொன்னாள். கணையம் இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிறது. நாம் தின்கிற சோற்றையும் உருளைக்கிழங்கையும் கரைக்க ஒரு சாறு சுரக்கிறது. அதற்குக் கோளாறு வந்தால் சாறு வழி தவறி ரத்தத்தில் கலந்து நீரில் இறங்கும். வரிசையாகப் பத்துக் குழாயில் நீரைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு கஞ்சியை ஊற்றி அரை மணி நேரம் இளஞ்சூட்டு நீரில் வைப்பார்கள். பிறகு குழாய்க்கு ஒரு சொட்டு அயோடின். கஞ்சி அப்படியே இருந்தால் நீலம். சாறு அதைத் தின்றிருந்தால் நீலம் வராது. நல்ல உடம்புக்கு முதல் இரண்டு மூன்று குழாயில்தான் நீலம் வராது. கோளாறு இருந்தால் ஏழு, எட்டு என்று போகும்.

“என் வலிக்குச் சாட்சி இருக்குன்னு சொல்லுங்க” என்றாள் சின்னத்தாயி.

“இருக்கு. ஆனா ரெண்டு மூணு நாளைக்கு மேல நிக்காத சாட்சி” என்று சொல்லி, கழுவிக் காயவைத்த ஒரு பாட்டிலைத் தக்கையோடு கையில் கொடுத்து அனுப்பினாள் லீலா.

பாட்டில் பரணில் காத்திருந்தது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி வலி வந்தது. புதன் வெள்ளனே சின்னத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு மறுபடி சுருண்டு படுத்தாள். வலிக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இந்தத் தடவை சாட்சி தப்பிக்க முடியாது.

கந்தவேல் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு பூம்பாறைக்கு நடந்து, அங்கே லாரி பிடித்துக் கொடைக்கானல் வந்தான். பத்துக் குழாயிலும் நீலமில்லை. டாக்டர் பதறிப்போய், “இந்த நிமிஷமே ஆளைக் கொண்டுவா” என்று விரட்டினார். அவன் வந்த வழியே ஓடிப் போய், அவளைக் குதிரை மேல் ஏற்றி, மழையில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது. பிச்சையம்மாள் கூப்பிடாமலே கூட வந்தாள். வழி நெடுகக் குதிரைக்குப் பக்கத்திலேயே நடந்தாள். வலியோ வெள்ளிக்கிழமையே போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சின்னத்தாயி தன் காலாலேயே இறங்கி நடந்தாள். அதைப் பார்த்த டாக்டரின் முகம் போன போக்கு!

உள்ளே பேச்சு ஓய்ந்தது. லீலா வெளியே வந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. மூன்று பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, பாட்டிலை வழியில எங்கயாச்சும் திறந்தீங்களா?”

“இல்லைங்க நர்ஸம்மா. மடியிலயே வச்சிருந்தேன்.”

“தக்கையை யார் மூடினது?”

“ஆத்தாதேன்.”

லீலா பிச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். “அம்மா, கோவிச்சுக்காதீங்க. அதுல ஏதாச்சும் சேர்த்தீங்களா? தண்ணி, கஷாயம், விபூதி… எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அந்த மாதிரி ஒரு நம்பர் மனுஷ உடம்புல வராது. தப்பு எங்கேன்னு தெரியாட்டி என் வேலையே போயிடும்.”

“நான் எதுக்குத்தா கஷாயத்தை ஊத்தப்போறேன்?”

“ஆத்தா,” என்றான் கந்தவேல். “ஏதாச்சும் பண்ணுனயா?”

“ஏலே, என்னையவா கேக்குற? ஒன் பொண்டாட்டியக் கேளு.”

“ஒன்னையத்தேன் கேக்குறேன்.”

அவன் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. பிச்சையம்மாள் மகனைப் பார்த்தாள், லீலாவைப் பார்த்தாள், கடைசியில் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“துப்புனேன்.”

“என்னது?”

“மூணு தடவை துப்பி மூடுனேன். அதுல என்ன இருக்கு? பிள்ளை ஒடம்புல இருந்து எறங்குனதை ஊரு தாண்டி அனுப்புறீக. வழியில எவன் கையில சிக்குமோ, எவன் என்ன வைப்பானோ? எச்சிப் பட்ட பொருளை எந்த மந்திரக்காரனும் தொடமாட்டான். அதுக்குத்தேன் துப்புனேன். வாயைக் கொப்பளிச்சிட்டுத்தேன் துப்புனேன். அன்னைக்கு வெத்தலை கூடப் போடலை.”

லீலா தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு விருட்டென்று எழுந்து, “உள்ள வாங்க, மூணு பேரும்” என்றாள்.

ஒரு குழாயில் கஞ்சியை ஊற்றி அயோடின் விட்டாள். மலை இருட்டுகிற நேரத்து வானம் போலக் கருநீலமாக நின்றது. “இதுல துப்புங்கம்மா.” பிச்சையம்மாள் தயங்கித் தயங்கித் துப்பினாள். லீலா அதை இளஞ்சூட்டு நீர்ச் சட்டியில் வைத்தாள். ஸ்பிரிட் அடுப்பு உஸ்ஸென்று எரிந்தது. கருநீலம் ஊதாவாகி, ஊதா சிவப்பாகி, கடைசியில் வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

“கணையத்துல சுரக்கிற அதே மாதிரிச் சாறு எச்சில்லயும் இருக்கு. நிறையவே இருக்கு. அன்னைக்கு நான் எண்ணினது உங்க மருமக வலியை இல்லை. உங்க வாயை.”

டாக்டர் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லீலாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான்.

“அப்ப அந்த எச்சியைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாக்க முடியாதாங்க?” என்றான் கந்தவேல்.

“பாலும் தண்ணியும் கலந்தப்புறம் தண்ணியை மட்டும் ஊத்த முடியுமா? புதன்கிழமை அந்த நீர்ல ஏழு இருந்ததா, ரெண்டு இருந்ததா, இனிமே யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாது. சின்னத்தாயிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தப் பத்தடி, குதிரை முதுகில் நனைந்த பகல் பூராவும், நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு சாட்சி. மூன்று துளி எச்சிலில் போச்சு.

மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பார்த்தாள். பிச்சையம்மாள் அந்த டீ நிறக் குழாயையே வெறித்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனி வாய்க்குள் போயிருந்தது.

அப்போதுதான் சின்னத்தாயிக்கு உறைத்தது. வேஷக்காரியின் நீருக்கு யாராவது வாயைக் கொப்பளித்துவிட்டுக் காவல் போடுவார்களா? வெற்றிலை இல்லாவிட்டால் பொழுது விடியாத மனுஷி ஒரு பகலெல்லாம் வெற்றிலை போடாமல் இருப்பாளா? பிள்ளை என்று வேறு சொன்னாள். அப்படியானால் இவளுக்குத் தெரியும். வலி நிஜம் என்று முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடைக்கரையில் சிரிக்க வைத்தாள். இதை நினைத்தபோது ஆத்திரம் குறையவில்லை, இன்னும் ஏறியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இத்தனை நாள் இருந்த பயம் மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

“இனி பாட்டில் வேலை வேண்டாம்” என்றார் டாக்டர். “வலி வரும்போது ஆள் இந்த வார்டுல இருக்கணும். அரை மணி நேரத்துல சொல்லிடுவேன், கணையமா இல்லையான்னு. கணையம்னா சாப்பாடு, மருந்து எல்லாமே வேற. இப்படியே விட்டா சர்க்கரை வியாதி வரும், உடம்பு உருகிப் போயிடும். எப்பக் கொண்டுவந்து சேக்குறீங்க?”

கந்தவேல் கம்பளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“பூண்டு அறுப்பு கெடக்குங்க ஐயா. பத்து நாள்ல ஆரம்பம். ஆளுகளுக்குச் சோறாக்க வீட்டுல வேற யாருமில்லை. அறுப்பு முடியட்டும், பாப்போம்.”

பாப்போம். ஆறு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய பாப்போம். அறுப்பு முடிந்தால் விதைப்பூண்டு பிரிக்க வேண்டும். அது முடிந்தால் உருளைக்கிழங்கு. பிறகு திருவிழா.

“இருட்டுறதுக்குள்ள குதிரையோட பூம்பாறை போய்ச் சேரணும்” என்று எழுந்தாள் பிச்சையம்மாள். குரலில் பழைய அதட்டல் இல்லை. “வெரசா கெளம்புங்க. மழை வருது.”

கந்தவேல் வாசலுக்கு நடந்தான். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தான். சின்னத்தாயி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் பெஞ்சுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, எந்திரி” என்றாள் பிச்சையம்மாள்.

மாட்டிடமும் ஓடையிடமும் சொல்லிப் பழகிய வாக்கியம். சொல்லும்போது அது பழகினபடி வரவில்லை. பாதி வழியில் வேறாக மாறிவிட்டது.

“அத்தே, நான் வரலை. இந்த வருசம் அறுப்புக்கு நான் இல்லைன்னு நெனைச்சுக்கங்க. வலி வர்ற வரைக்கும் இங்கயே கெடக்கேன். என்னைய விட்டுட்டுப் போகச் சொல்லுங்க ஒங்க மகனை.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க போகாதீங்க. என் தொணைக்கு நீங்க இருங்க. இந்தத் தடவை எனக்கு வலிக்கிறப்ப நீங்க பக்கத்துல ஒக்காந்து பாக்கணும்.”