எட்டு மணிக்குச் சோதனை

சவப்பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தக் குனிந்த பூசணி தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டான். இறந்தவரின் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சித்தப்பா, காலையில மாத்திரை போட்டீங்களா?"

பூசணி நெட்டையைப் பார்த்தான். நெட்டை சுவரைப் பார்த்தான். பூசணி, நெட்டை என்ற பட்டப்பெயர்க்காரர்களோடு சேர்த்து, தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே உப்பிய முகம். நேற்று சாயங்காலம் சளி முற்றி மூச்சு நின்று, இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அவர்களுடைய மேஸ்திரிக்கும் அதே முகம்தான். தூசியில் இழுக்கும் மூச்சுக்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள். 'கன்னத்தைப் பார்த்தா முதலாளி மாதிரி இருக்கீங்களே' என்று தெருவே கிண்டல் செய்யும்.

"போடலம்மா," என்றான் பூசணி. "இன்னிக்கு எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கணும்ல. எடுக்கிற வரைக்கும் போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"மணி ஏழாகப் போகுது. இங்க என்ன பண்றீங்க?"

"அதுக்காக அண்ணனை விட்டுட்டுப் போவோமா? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

ஆஸ்பத்திரியில் இன்னொரு நாள் கிடைக்க நான்கு மாதம் ஆகும். அது அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் கூட்டாளி ஒருவர், உடம்பு ஊதுகிறதே என்று மாத்திரையைச் சட்டென நிறுத்தினார். சில நாளில் வாந்தியெடுத்துக் கிடங்கு வாசலிலேயே சுருண்டு செத்தார். எல்லோரும் வெயில் என்றார்கள். அப்பா நம்பவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் தெருமுனை கிளினிக்குக்குப் போய், "அவன் ஏன் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தாவது செவ்வாய், டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். அதை அப்பா கிடங்கில் தன் பாஷையில் சொன்னார்.

"சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்குடா. உடம்புக்குத் தெம்பு அனுப்புறது அதுதான். நாம வெளியிலேர்ந்து லோடு இறக்கிக்கிட்டே இருந்தா, அது கடையைச் சாத்திட்டுத் தூங்கிடும். திடீர்னு லோடு நின்னா உள்ள ஒரு பிடிகூட இருக்காது. தூங்குதா முழிச்சிருக்கான்னு ரத்தத்தை எடுத்துப் பார்த்துட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் டாக்டரிடம் காட்ட ஆளுக்கொன்றாக ஏழு பரிந்துரைக் கடிதம் கைக்கு வரும் வரை அவர் அந்த பெஞ்சை விடவில்லை. கடைசிக் கடிதம்தான் அவருடையது.

"கிளம்புங்க," என்றாள் மகள்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "என்ன பேசுற நீ? மூணு மாடி. அந்தப் படியில திரும்ப இடமிருக்கா? இவனுங்களை விட்டா யாரு இறக்குறது? பத்து மணிக்கு வண்டி வந்துடும். செத்தவனைப் போட்டுட்டு ஊசி போட்டுக்கப் போனானுங்கன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பெரியப்பா. அப்பா அத்தனை வாரம் போய் உட்கார்ந்தது இதுக்குத்தானே."

பெட்டியருகே அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆறு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி வாசலைக் காட்டினாள்.

படியில் பன்னிரண்டு கால்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பத்தரைக்கு மறுபடியும் அடித்தார். பெரியப்பா பக்கத்து வீட்டுத் தையல்காரரையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டி வந்து தூக்கிப் பார்த்தார். முதல் படியிலேயே பெட்டி சாய்ந்தது. தையல்காரர் "ஐயோ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியப்பா மகளைப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் ஜன்னலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆறு பேரும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள்.

"எடுத்தாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுத்தாங்க அண்ணி," என்றான் பூசணி. "ஒரு தடவை எடுத்தாங்க. ஊசி போட்டாங்க. அரை மணி கழிச்சு மறுபடி எடுத்தாங்க. நர்சம்மா எங்க மூஞ்சிங்களைப் பார்த்துட்டு, 'நீங்கல்லாம் அண்ணன் தம்பியா'ன்னு கேக்குறாங்க. இந்த நெட்டை சொல்றான், 'ஆமாம்மா, ஒரே மாத்திரைக்குப் பொறந்தவங்க'ன்னு."

பெரியப்பாவுக்கே சிரிப்பு முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைசியா அண்ணன் பேரையும் கூப்பிட்டாங்க," என்றான் நெட்டை. "ஆறு பேரும் எழுந்து நின்னுட்டோம்."

கீழே மறுபடி ஹாரன் கேட்டது.

"மாத்திரை போட்டாச்சா?" என்றாள் அம்மா.

"போட்டாச்சு அண்ணி."

"அப்போ தூக்குங்க."

பூசணி மெல்லக் குரல் கொடுத்தான். ஆறு தோள்களும் ஒன்றாக எழுந்தன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி சுவரைத் தொடாமல் திரும்பியது. யாரோ ஒருவனின் முழங்கை மடிப்பிலிருந்து ஒட்டுப்பஞ்சு கழன்று படியில் விழுந்தது. நடுவில் கடுகளவு ரத்தம். பின்னால் வந்த மகள் அதை மிதிக்காமல் தாண்டி இறங்கினாள்.